ஊழியப் பயிற்சியை விழுமியங்களிலிருந்து தொடங்குவது எப்படி: கடலூர்ப் பகுதி சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சபையோ, பல சபைகள் சேர்ந்த சேகரமோ ஊழியப் பயிற்சி நடத்த முடிவெடுத்தால், முதலில் கூடுவது பாடத்திட்டக் குழுதான். பழைய ஏற்பாட்டுக்கு இத்தனை மணி நேரம், புதிய ஏற்பாட்டுக்கு இத்தனை, பிரசங்கம், சபை வரலாறு என்று ஒரு தாள் தயாராகிவிடும். கடைசி வாரத்தில் யாராவது நினைவுபடுத்த, பயிற்சியின் விழுமியங்கள் என்று ஏழெட்டு வரிகள் எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். தாழ்மை, நேர்மை, அன்பு, அர்ப்பணிப்பு. அந்தச் சட்டத்துக்குக் கீழேயே பயிற்சி பெற வரும் பயிற்சியாளர்களுக்கு ஒரு பந்தியும் சபைப் போதகரான ஆயருக்குத் தனி மேசையும் போடப்பட்டிருக்கும்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். விழுமியங்கள் முதலில் வரட்டும். அவை கால அட்டவணையிலும் கணக்குப் புத்தகத்திலும் சமையலறையிலும் கண்ணுக்குத் தெரியட்டும். பாடங்கள் அவற்றின் மேல் எழும்பட்டும். கீழே சொல்லப்படும் முறை உபதேசியார்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், ஜெபக்குழுத் தலைவர்கள், இறையியல் கல்லூரிக்குப் போக விரும்பும் வாலிபர்கள் ஆகியோருக்கு உள்ளூரில் ஓராண்டு வார இறுதிப் பயிற்சி நடத்த நினைக்கும் சபைகளுக்கானது. செராம்பூர் இறையியல் பட்டத்துக்காக மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கோ சென்னை குருகுலம் இறையியல் கல்லூரிக்கோ போகிறவர்களுக்கு அங்கே பாடம் கற்பிக்கத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். குணம் உருவாகும் வேலை அதற்கு முன்பே, தாய்ச் சபையில் தொடங்கிவிடுகிறது.

படி 1: திட்டம் போடும் முன் ஊரைக் கேளுங்கள்

கடலூர் மாவட்டத்து ஊர்களை ஒரே வார்ப்பில் வைத்துப் பார்க்க முடியாது. தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் கடல் வைத்ததுதான் நேரம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா. நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு. நெய்வேலியில் சுரங்கத்து ஷிப்டு. குடிகாட்டுப் பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளின் புகையோடு வாழும் குடும்பங்கள். இவர்கள் எல்லோருக்கும் ஞாயிறு காலை எட்டரை மணி ஒரே பொருளில் விடிவதில்லை.

ஆகவே பயிற்சிக்குழு முதல் மாதம் முழுவதும் வகுப்பு எதுவும் நடத்தாமல், ஊர் ஊராகப் போய் உட்கார வேண்டும். மூன்று கேள்விகள் போதும். உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருப்பது எந்த நேரம்? 2004 சுனாமியிலும், 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயலிலும், 2015 வெள்ளத்திலும் உங்களைத் தேடி வந்தவர்கள் யார், ஆறு மாதம் கழித்தும் வந்தவர்கள் யார்? சபையிலிருந்து யாருமே எட்டிப் பார்க்காத வீடு இந்தத் தெருவில் எது?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அழகுபடுத்த வேண்டாம். பயிற்சியின் பாதிப் பாடத்திட்டம் அதில் இருக்கிறது.

இந்தப் பதில்களைப் பார்த்துக் காலண்டரைப் போடுங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கடலோர வீடுகளில் ஆண்கள் இருக்கும் காலம் அது, கடன் ஏறும் காலமும் அதுவே. கடலோரச் சந்திப்புகளை அந்த இரண்டு மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். முந்திரிக் கிராமங்களில் பகல் பத்து மணிக்குப் போனால் திண்ணையில் பாட்டியும் நாயும்தான் இருக்கும். இரவு ஏழுக்குப் பிறகு போக வேண்டும். பயிற்றுநரின் வசதிக்காக நேரம் குறிக்கும் பழக்கம் முதல் மாதத்திலேயே உடைந்துவிட வேண்டும்.

படி 2: விழுமியங்களைச் செயலாக எழுதுங்கள்

ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும், வெளியாள் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்தால் நடக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். எங்கள் பகுதியில் பயன்படுத்திப் பார்த்த வடிவம் இது:

- சாப்பிட்ட தட்டைப் பயிற்றுநரும் ஆயரும் தாங்களே கழுவுவார்கள்.
- காணிக்கையையும் பயிற்சிப் பணத்தையும் யாரும் தனியாக எண்ணமாட்டார்கள்.
- சமையல், பரிமாறுதல், தங்கல் எதிலும் சாதியும் பாலினமும் முறை வைக்காது.
- ஒரு வீட்டில் நுழைந்தால் பேசுவதற்கு முன்பு கேட்போம்.
- நாம் முதலில் கேட்டுக் கீழ்ப்படியாத வேதபகுதியைப் பிறருக்குப் பிரசங்கிக்கமாட்டோம்.

இவற்றில் முதலாவது வாக்கியம் சிறியதாகத் தோன்றும். ஆனால் அதை நடைமுறைப்படுத்தும்போதுதான் எதிர்ப்பு வரும். ஐயா தட்டைக் கழுவலாமா என்று பயிற்சியாளர்களே ஓடிவந்து வாங்குவார்கள். அவர்கள் மரியாதையில்தான் செய்கிறார்கள், அதை மதித்தே மறுக்க வேண்டும். யோவான் 13-இல் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் முதலில் தடுக்கத்தான் செய்தார். குரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட அந்த இரவை ஆண்டுக்கொரு முறை பெரிய வியாழன் ஆராதனையில் மட்டும் நினைவுகூர்ந்துவிட்டு, மற்ற நாள்களில் குழாயடிக்கு இளையவர்களை அனுப்பினால், பயிற்சியாளர்கள் இரண்டாவதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

படி 3: ஆட்களைத் தேர்ந்தெடுங்கள், அவசரம் இல்லாமல்

குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியச் சீர்திருத்தத் திருச்சபை (புராட்டஸ்டன்ட்) போதகர் ஆரோன், கடலூரில் பிறந்தவர். 1718-இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு காலத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1733 டிசம்பர் 28 அன்றுதான் குருப்பட்டம் பெற்றார். நடுவில் 15 ஆண்டுகள். அந்த ஆண்டுகளை அவர் காத்துக்கிடந்து கழிக்கவில்லை. கற்பிக்கும் பணியிலும் உபதேசியார் பணியிலும் கழித்தார். பிறகு மாயவரம் பகுதியில் கிராமம் கிராமமாக நடந்து உழைத்து 1745-இல் இறந்தார். இந்தக் கணக்கைப் பயிற்சியில் சேர விரும்பும் ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். மூன்று மாதச் சான்றிதழோடு பெயருக்கு முன் பட்டம் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

தேர்வுக்கு ஆயரின் பரிந்துரைக் கடிதம் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். கண்காணியாகிறவர் புறம்பே இருக்கிறவர்களிடத்திலும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3 சொல்கிறது. அதை எழுத்துப்படியே செய்யலாம். விண்ணப்பித்தவரின் தெருவில் இருக்கும் மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம், அவருடன் வேலை பார்ப்பவர் ஆகிய மூவரிடம் பேசுங்கள். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறாரா, மனைவியிடம் எப்படிப் பேசுகிறார், சண்டை வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். மனைவியிடமோ தாயிடமோ தனியாகப் பேசுவதற்கு மூத்த பெண் ஒருவரை அனுப்புங்கள்.

வருமானத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். வறுமையான குடும்பத்திலிருந்து வரும் இளைஞன் ஊழியத்தில் சம்பளம் கிடைக்குமா என்று கேட்டால் அதைக் குறையாக எழுதிவைக்காதீர்கள். அந்தக் கேள்வி நேர்மையானது. இந்தப் பயிற்சி வேலை வாங்கித் தராது, கையில் இருக்கும் வேலையை விட வேண்டாம், பவுல் கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்தார் என்பதை நேராகச் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு வந்தால்தான் அர்ப்பணிப்பு என்று மேடையில் உணர்ச்சியைத் தூண்டுவது பெரும் அநியாயம். அதன் பாரத்தைச் சுமப்பது அவன் தாயும் தங்கையும்.

பெண்களைப் பாதிக்குக் குறையாமல் சேருங்கள். அப்பொல்லோ என்ற பிரசங்கியாருக்கு வழியை இன்னும் திட்டமாக விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாவும் ஒருவர். நம் சபைகளில் வீட்டு ஜெபத்தையும் நோயாளிச் சந்திப்பையும் நடைமுறையில் தாங்கிக்கொண்டிருப்பது பெண்கள்தான். அவர்களுக்குப் பயிற்சியும் பொறுப்பும் ஒன்றாகவே தரப்பட வேண்டும். குழந்தையோடு வருகிறவர்களுக்காக வகுப்பு நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள். அந்த வேலையை ஆண் பயிற்சியாளர்களுக்கும் முறை வைத்துக் கொடுங்கள்.

படி 4: வேதத்தைச் சேர்ந்து வாசியுங்கள்

சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது, உள்ளூர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். உங்கள் பயிற்சியில் வேதபாடம் அந்த உட்காரலிலிருந்து தொடங்கட்டும்.

முறை எளிது. வாரத்துக்கு ஒரே வேதபகுதி. சனிக்கிழமை அதை உரக்க இருமுறை வாசிக்க வேண்டும். விளக்கவுரை நூல்களை அன்று திறக்கக் கூடாது. வார நாள்களில் ஒவ்வொருவரும் அதைத் தம் தெருவில் குறைந்தது ஒரு வீட்டில் வாசித்து, அங்கே எழுந்த கேள்வியைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அடுத்த சனிக்கிழமை அந்தக் கேள்விகளோடு விளக்கவுரையைத் திறக்கலாம். பிரசங்கம் அதற்குப் பிறகுதான்.

இதன் பயனை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். மத்தேயு 20-இல், மாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவருக்கும் முழுநாள் கூலி கிடைக்கும் திராட்சத்தோட்ட வேலையாள்களின் உவமையை எங்கள் பயிற்சியாளர்கள் கிருபையைப் பற்றிய பிரசங்கமாகத் தயார் செய்திருந்தார்கள். மூன்று குறிப்புகள், முடிவில் ஒரு கீர்த்தனை. கரும்பு வெட்டுக்குப் போகும் பெண்கள் இருந்த ஒரு வீட்டில் அதை வாசித்தபோது, வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “அஞ்சு மணி வரைக்கும் அந்த ஆளை ஏன் ஒருத்தரும் கூப்பிடல? வயசானவரா இருப்பாரு. இல்ல, காலு சரியில்லாம இருக்கும். மேஸ்திரி பலமான ஆளைத்தான் முதல்ல ஏத்துவான்.” எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்ற ஏழாம் வசனத்தை எத்தனையோ முறை வாசித்தும் எங்கள் யாருக்கும் அந்த ஆள் கண்ணில் படவில்லை. முழுக் கூலியைக் கொடுத்தவர் அவன் வீட்டு அடுப்பை நினைத்துக் கொடுத்தார் என்று அந்த அம்மா முடித்துவிட்டார். பயிற்சியாளர்கள் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்கள்.

கிரேக்கமும் எபிரெயமும் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வாய்ப்பு உள்ளவர்கள் படிக்க வேண்டும், நன்றாகப் படிக்க வேண்டும். வசனத்தை வாழ்ந்து அறிந்தவர்களின் காதையும் அதே அளவு மதிக்கப் பழகிய பிறகு அந்தப் படிப்பு யாரையும் மிதிக்காது.

படி 5: ஒரே பந்தி, ஒரே பாத்திரம், ஒரே கல்லறை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நம் சபைகளில் சாதி இருக்கிறது. தெருவில், திருமணத்தில், கல்லறைத் தோட்டத்தில், சபைத் தேர்தலில் இருக்கிறது. நாங்கள் சாதி பார்ப்பதில்லை என்று சொல்கிற சபையில் அது பேசப்படாமல் இருக்கிறது, அவ்வளவே.

வரலாற்றை மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். ஆரோனைப் பற்றிப் பெருமைப்படும் அதே மூச்சில் இராஜநாயக்கனையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகப் பெரும் உழைப்பு உழைத்தவர் அவர். பிற சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்கத் தயங்குவார்கள் என்று கருதி, மிஷனெரிகள் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. பறையர் குலத்தில் பிறந்தார் என்பதே காரணம். சபைக்கு அப்போது நேர்ந்த காயம் இன்னும் ஆறவில்லை.

இதே மாவட்டத்தில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனெரி, சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் போக்கை ஏற்க முடியாமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகி, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாகப் பணி தொடங்கினார். அது டேனிஷ் மிஷனோடு இணைந்து வளர்ந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. பயிற்சியாளர்களை மேல்பட்டாம்பாக்கத்துக்கு அழைத்துப் போய், அந்த இடத்திலேயே கலாத்தியர் 3:28-ஐ வாசிக்கச் செய்யுங்கள். சாதி ஒழிப்பு வெளியூர்க் கருத்து என்று எவரும் சொல்ல முடியாது.

செய்முறைக்கு வருவோம். சமையல் குழுக்களைச் சீட்டுக் குலுக்கி அமையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஓராண்டில் ஒருமுறையாவது ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் தெரு அல்லாத தெருவில், குறிப்பாக ஊர்த் தெருவில் வளர்ந்தவர் காலனி வீட்டில், ஒரு வாரம் தங்கிச் சாப்பிட வேண்டும். அதற்கான செலவை அந்தக் குடும்பத்தின் தலையில் கட்டாமல் பயிற்சி நிதியிலிருந்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தங்கலுக்குப் பெற்றோர் மறுத்தால் ஆயரே அந்த வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். அதற்கும் மறுத்தால் அந்த ஆண்டு அவருக்குச் சான்றிதழ் கிடையாது. இதில் விட்டுக்கொடுத்துவிட்டால் மற்ற விழுமியங்களைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்காது.

இதோடு ஒரு சட்டச் செய்தியையும் பாடமாக வைக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்காது. தமிழகத்தில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதனால் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வரும் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் இந்து என்று எழுதியிருக்கலாம். அந்தக் குடும்பத்தை இரட்டை வேடம் என்று மேடையிலிருந்து இடித்துரைக்கும் பிரசங்கியாருக்கு, அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்கும் கல்லூரி இடமும் விடுதி உதவித்தொகையும் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது அவர்கள் படும் சங்கடத்தின் முன் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: பணத்தைத் திறந்து வையுங்கள்

எருசலேமுக்கான நன்கொடையைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஆள்களை உடன் வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார். நம்மை யார் கேட்பது என்ற எண்ணத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

பயிற்சிக்கெனத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். அது சபையின் அல்லது பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனிநபர் பெயரில் கூடாது. இருவர் கையொப்பம். ஞாயிறு காணிக்கையை உறவினர் அல்லாத இருவர் எண்ண வேண்டும். நோட்டுகள் எத்தனை, நாணயங்கள் எவ்வளவு என்று சிறு தாளில் எழுதி இருவரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரில் ஒருவர் எப்போதும் பயிற்சியாளராக இருக்கட்டும். மாதக் கடைசியில் வரவு செலவுத் தாள் ஆலயத்து அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டும். அரிசி எத்தனை கிலோ, கேஸ் சிலிண்டர் என்ன விலை, பேச்சாளருக்குப் பயணப்படி எவ்வளவு என்பது வரை அதில் இருக்கட்டும்.

வெளிநாட்டு நன்கொடை வாங்குவதானால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். நண்பர் ஒருவரின் கணக்கு வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். உள்ளூர்க் காணிக்கையில் நடக்கும் சிறிய பயிற்சி மேலானது. அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் பூசணிக்காயும் பலாப்பழமும் ஓராண்டுப் பயிற்சியாளர்களின் மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய உதவியாகும். கொடுத்தவர்கள் கண்முன்னேயே அது செலவாகும்.

படி 7: வீட்டுச் சந்திப்பைக் கற்றுக்கொடுங்கள்

வகுப்பறையில் சொல்லித் தர முடியாத பாடம் இது. புதியவரை மூத்தவரோடு அனுப்புங்கள். முதல் சில மாதங்களுக்குப் புதியவர் வாயே திறக்கக் கூடாது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கிராமத்தில் மூத்த ஊழியப் பெண் ஒருவரோடு இரண்டு இளைஞர்கள் போனார்கள். கணவரைப் பறிகொடுத்த ஒருவரின் வீடு. இளைஞர்களில் ஒருவன் உட்கார்ந்ததும் வேதாகமத்தைத் திறந்தான். மூத்தவர் அவன் கையின்மேல் தன் கையை வைத்து மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரப் பெண் சொம்பை நீட்டும்போதுதான் அந்தக் கையை அவர்கள் பார்த்தார்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருந்தது. “எத்தனை நாளாக் கை இப்படி இருக்கு, அக்கா?” என்று மூத்தவர் கேட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அரைமணி நேரம் பேசியது வீட்டுக்காரப் பெண்தான். கூலி, முன்பணம், மகனின் படிப்பு, கணவரின் கடைசி நாள்கள். முடிவில் அவரே ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார். ஜெபம் மூன்று வரிகளில் முடிந்தது. அந்த மூன்று வரிகளிலும் அவர் சொன்ன விஷயங்கள் மட்டுமே இருந்தன.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே பாடத்தைப் பேசிவிட வேண்டும். எதைக் கவனித்தாய்? அவர் சொன்னதில் எதை வெளியே சொல்லக் கூடாது? அடுத்த வாரம் நீ என்ன கொண்டுபோய்க் கொடுக்க முடியும்? அந்த வீட்டுக்குக் கையுறை வாங்கிக்கொண்டு போனது ஒரு பயிற்சியாளரின் யோசனை. சந்திப்பில் கேட்ட துயரத்தைச் சாட்சி என்ற பெயரில் ஜெபக்கூட்டத்தில் சொல்வதைக் கண்டிப்பாகத் தடுங்கள். பெயரை மறைத்துவிட்டேன் என்பது சமாதானமாகாது. சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நோயாளிகளைச் சந்திக்கும்போது ஒரு விதி உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த ஊழியருக்கும் கிடையாது. ஜெபியுங்கள், ஆஸ்பத்திரிக்கு உடன் போங்கள், சீட்டு எடுக்க வரிசையில் நில்லுங்கள். மனநோயைப் பிசாசின் பிடி என்று அறிவித்துக் குடும்பத்தை அலைக்கழிப்பவரை உடனே பயிற்சியிலிருந்து நிறுத்திவைத்துப் பேசுங்கள்.

படி 8: பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பாதுகாப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில் விவாதிக்க எதுவும் இல்லை. குழந்தையோடு மூடிய அறையில் எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது. சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம் என்று மூப்பர்கள் கூடிப் பேசுவதற்கு இங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181 இரண்டும் வகுப்பறையிலும் பெண்கள் கழிப்பறைக் கதவிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி மையத்தில் பணியாளர்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு அமைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். குறைவாக இருந்தாலும் புகார் கேட்க வெளியிலிருந்து ஒரு பெண்ணை நியமியுங்கள்.

படி 9: அயலாரை அறிந்துகொள்ளுங்கள்

நாம் ஊழியம் செய்யும் ஊர்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். திருப்பாதிரிப்புலியூரில் தேர் ஓடும்போது பயிற்சி மையத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவது சரியல்ல. நாவுக்கரசர் கல்லோடு கரையேறியதாக மரபு சொல்லும் ஊரில் வாழ்ந்துகொண்டு, அவருடைய ஒரு பதிகத்தைக்கூடக் கேட்டிராத ஒருவர் அண்டை வீட்டாரிடம் என்ன பேச முடியும்?

பயிற்சியாளர்களை ஒருநாள் வடலூருக்கு அழைத்துப் போங்கள். 1867-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவரிடம் சாதியும் சமயமும் கேட்காமல் சோறு போடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் மத்தேயு 25-ஐ வாசித்து, பசியாயிருந்தேன் என்ற சொல்லை நம் சபை எப்படிக் கேட்டிருக்கிறது என்று பேசச் சொல்லுங்கள். அந்த மாலை உரையாடல் உங்கள் ஆண்டின் மிகச் சிறந்த வகுப்பாக அமையக்கூடும்.

சுவிசேஷத்தைச் சொல்வதற்கு நாம் வெட்கப்படவில்லை. உதவியைத் தூண்டிலாக்குவதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். வெள்ளத்தில் அரிசி கொடுக்கும்போது துண்டுப் பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வாருங்கள் என்று சொல்லாதீர்கள். அடுத்தவரின் வழிபாட்டை இகழ்ந்து ஒரு வாக்கியம் பேசினாலும் பயிற்சியாளரை அன்றே திருத்துங்கள்.

படி 10: பயிற்றுநரையும் சேர்த்து மதிப்பிடுங்கள்

தேர்வுத்தாளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் அதற்குக் கொடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, படி 2-இல் எழுதிய ஐந்து வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றும் நடக்கிறதா என்று பயிற்சியாளர்கள் பயிற்றுநர்களைப் பற்றியும் எழுதட்டும். பெயர் போட வேண்டியதில்லை. அதைத் திறந்து வாசிப்பது வேறொரு சேகரத்து ஆயராக இருக்கட்டும். பயிற்றுநர்கள் காதுபடவே வாசிக்கட்டும். மந்தையின்மேல் இறுமாப்பாய் ஆளாமல் மாதிரியாக இருங்கள் என்ற பேதுருவின் புத்திமதி மூப்பர்களுக்கு எழுதப்பட்டது.

ஓய்வையும் அட்டவணையில் எழுதுங்கள். மாதத்தில் ஒரு வார இறுதி வகுப்பு இல்லை, கூட்டம் இல்லை, வீட்டில் இருங்கள். ஊழியத்தின் பெயரால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காத தகப்பனைப் புகழ்ந்து பேசும் பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும்.

ஓராண்டின் நடுவில் சிலர் நின்றுவிடுவார்கள். மீன் சந்தையில் கடன், மருமகளின் பிரசவம், நெய்வேலியில் ஒப்பந்த வேலை எனக் காரணங்கள் பலவாக இருக்கும். தனக்கு இது ஆகாது என்று கண்டுகொண்டு நிற்பவர்களும் உண்டு, அது தெளிவான முடிவு, மதிக்கத்தக்கது. இவர்களைப் பின்வாங்கினவர்கள் என்று யாரும் பேச அனுமதிக்காதீர்கள். எத்தனை மாதம் கற்றார், எதில் நன்றாகச் செய்தார் என்று ஒரு கடிதம் எழுதி, ஆயர் அதைத் தபாலில் அனுப்பாமல் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்போ, காணிக்கை எண்ணும் முறையில் ஓர் இடமோ அவருக்கு அப்போதே கொடுத்துவிட்டு வரட்டும்.